தூங்காத பிள்ளை

சௌந்தரத்தின் செவலைப் பசு கன்று போடும் நாள் நெருங்கிவிட்டால், அவள் முதலில் வந்து நிற்பது தவசி வீட்டு வாசலில்தான்.

“மதினி, இன்னிக்கு ராவுக்கு நாகுவ அனுப்பி வையி. மாடு நெலகொள்ளாம நிக்குது. முழிச்சிருக்கணும்னுதான் நானும் உக்காருவேன், செத்த நேரத்துல கண்ணு சொருகிரும். போன தடவை கன்னு கீழ விழுந்து கெடக்கு, நான் இந்தப் பக்கம் கொறட்டை விட்டுக்கிட்டுக் கெடக்கேன்.”

“கூட்டிட்டுப் போ. எங்கிட்டு இருந்தாலும் அவ முழிச்சுக்கிட்டுத்தான இருக்கப்போறா” என்பாள் தவசியின் பெண்டாட்டி சோலையம்மாள்.

பரளச்சிக்குத் தெற்கே, பஸ் நிற்கிற இடத்திலிருந்து கரிசல் காட்டுக்குள் கொஞ்ச தூரம் நடந்தால் வருகிற ஊர் அது. கன்று போடுகிற மாட்டுக்குக் காவல், பிள்ளை பெற்ற வீட்டில் துணை, களத்தில் காய்கிற மல்லிக்குக் காவல், அருப்புக்கோட்டைக்கு முதல் பஸ் பிடிக்கிறவர்களை எழுப்பிவிடுவது, எல்லாவற்றுக்கும் தவசியின் மகள் நாகஜோதிதான். பதினேழு வயசுப் பிள்ளை. கண்ணுக்குக் கீழே கருப்புத் தட்டியிருக்கும். தோள் இரண்டும் எந்நேரமும் மேலே தூக்கினாற்போல நிற்கும். அவள் ராத்திரியில் தூங்கமாட்டாள் என்பது ஊருக்கெல்லாம் தெரியும். ஏன் தூங்கமாட்டாள் என்பதும் தெரியும். முதல் விஷயத்தால் ஊருக்கு உபகாரம் இருந்தது. இரண்டாவதைப் பற்றி யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. பெற்றவர்களும்தான்.

அவளுக்கு இழுப்பு. பால்குடி மறந்த நாளிலிருந்தே உண்டு. படுத்தால் நெஞ்சின் மேல் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி மூச்சு முட்டும். எழுந்து சுவரில் சாய்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு முன்னால் குனிந்தால் கொஞ்சம் வழி விடும். அப்படியே உட்கார்ந்து, நெஞ்சுக்குள் கேட்கிற விசில் சத்தத்தைத் தானே கேட்டுக்கொண்டு விடிய வைப்பாள். திருச்சுழி வைத்தியர் கொடுத்த சூரணம், தூதுவளை ரசம், வெற்றிலையில் வைத்த மிளகு எல்லாம் ஆயிற்று. ஊசி போட்டால் நாலு நாள் சும்மா இருக்கும். அப்புறம் பழையபடிதான்.

விடிந்த பிறகு தூக்கம் வந்து கழுத்தைப் பிடிக்கும். தண்ணீர் இறைக்கும்போது தூங்குவாள். உலை கொதிக்கும்போது தூங்குவாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் அவளுக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர் வைத்து, பெஞ்சின் மேல் ஏற்றி நிறுத்துவார். நின்றுகொண்டே தூங்கி ஒரு நாள் மேலிருந்து விழுந்து உதடு கிழிந்து வந்தாள். ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றது. பள்ளிக்கூடத்தில் தூங்குமூஞ்சி, ஊருக்குள் தூங்காத பிள்ளை. இரண்டும் ஒரே பிள்ளைதான் என்பது ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

தவசி கரிமூட்டம் போடுகிறவன். ஒரு காலத்தில் கொத்துக் கூலிக்குக் களையெடுத்தவன், கதிரறுத்தவன். மழை ஏமாற்றிய வருசங்களில் விதைப்பு நின்றுபோக, காட்டை வேலிக்கருவை எடுத்துக்கொண்டது. பூமிநாதனின் குளத்தாங்கரைக் காடு முழுக்கக் கருவைதான். அதை வெட்டிக் கரியாக்கித் தருவது தவசியின் பாடு. விழுகிற கரி மூட்டையில் ஒரு பங்கு அவனுக்கு.

மூட்டம் என்பது லேசுப்பட்ட காரியமில்லை. கருவையை வெட்டி, முள் கழித்து, தூரைத் தோண்டி எடுத்து, துண்டு போட்டு, வட்டமாகக் கூம்பாக அடுக்க வேண்டும். மேலே சோளத்தட்டையும் பச்சைக் குழையும் பரப்பி, அதற்கு மேல் மண்ணைக் குழைத்துப் பூச வேண்டும். உச்சியில் தீ வைத்தால் உள்ளே விறகு எரியக் கூடாது, புழுங்க வேண்டும். புழுங்கப் புழுங்க மூட்டம் உள்வாங்கும். உள்வாங்குகிற இடத்தில் மண் வெடிக்கும். வெடித்த இடத்தைக் கையோடு மண் குழைத்து அடைக்காவிட்டால் காற்று உள்ளே போய்விடும். போனால், கரியாக வேண்டியதெல்லாம் சாம்பல். அதனால் புகை வெள்ளையிலிருந்து நீலத்துக்கு மாறி அடங்குகிற வரை, ராத்திரி பகலாக ஒருத்தர் மூட்டத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

தவசியால் ஆகாத ஒரே வேலை அதுதான். பகலெல்லாம் கோடாரி போட்ட உடம்பு, துண்டை விரித்துத் தலையைச் சாய்த்தால் போதும். கல்யாணமான புதிதில், பக்கத்து வீட்டுக் கூரை தீப்பிடித்து எரிந்த ராத்திரிகூட அவன் எழுந்திருக்கவில்லை. வீட்டில் வெள்ளாடு நாலு இருந்ததால், ராத்திரிக் காவலுக்குச் சோலையம்மாளும் வர முடியாது. ஆகவே மூட்டத்துக் காவல் நாகஜோதியிடம் வந்தது.

“புகை புள்ளைக்கு ஆகுமாய்யா?” என்று சோலையம்மாள் ஆரம்பத்தில் கேட்டாள்.

“பச்சப்புள்ளைக்குச் சளி புடிச்சா சாம்பிராணி போடுறீகள்ல? புகை சளிய அறுக்கும். காத்துக்கு எதிர்ப்பக்கம் தள்ளி உக்காரட்டும், ஒண்ணும் செய்யாது” என்றான் தவசி. எவனோ சொன்னதுதான் அது. தனக்குத் தோதாக இருந்ததால் இவனும் நம்பினான்.

மூட்டத்துக்கு மேல்புறம் வரப்பில் ஒரு கருவைமரம். அதில் சாய்ந்து நாகஜோதி. வரப்புக்குக் கீழே, கல்லெறி தூரத்தில், தண்ணிப்பானைக்குப் பக்கத்தில் தவசி. சின்ன வெடிப்பென்றால் அவளே போய் அடைத்துவிடுவாள். பெரிதாக வாய் பிளந்தால் அவனை எழுப்ப வேண்டும். கூப்பிட்டால் அவளுக்குச் சத்தம் எழும்பாது, எழும்பினாலும் அவனுக்குக் கேட்காது. அதற்கு அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். கரிசலில் மண்கட்டிக்கா பஞ்சம்? மடியில் நாலைந்து பொறுக்கி வைத்துக்கொண்டு, இருந்த இடத்திலிருந்தே அவன் மேல் எறிவாள். முதல் கட்டிக்குப் புரண்டு படுப்பான். இரண்டாவதற்குத் திட்டுவான். மூன்றாவதற்குத்தான் எழுந்து உட்காருவான்.

“பெத்த அப்பன மண்ணள்ளிப் போட்டு எழுப்புற ஒரே மக நீதான் தாயி.”

“நீ மனுசன் மாதிரித் தூங்குனா நானும் மனுசி மாதிரி எழுப்புவேன்ல.”

அப்பனும் மகளும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். சிரித்தால் அவளுக்கு இருமல் வரும்.

ரெஜினா அவளைப் பார்த்தது பஸ்ஸில். சாக்குத் தைக்கச் சணல் வாங்க நாகஜோதி அருப்புக்கோட்டை போன நாள். ரெஜினா அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். கோயிலுக்கும் வேலைக்கும் தவிர வேறெங்கும் போகாத, கறாரான பொம்பளை. பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளை வண்டி கிளம்பியதும் தன் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டதைக் கண்டு முதலில் முகம் சுளித்தாள். அப்புறம் அந்த நெஞ்சுக்குள்ளிருந்து வந்த சத்தம் அவள் காதில் விழுந்தது. அருப்புக்கோட்டை வந்ததும் எழுப்பினாள்.

“ஏ பாப்பா, கடைசியா எப்ப நீ படுத்துத் தூங்குன?”

நாகஜோதி யோசித்துப் பார்த்தாள்.  சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து ரெஜினாவுக்குக் கண் கலங்கிப்போயிற்று. கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டினாள். வாயில் வைத்து அடித்து உறிஞ்சுகிற மருந்து ஒன்று தந்தார்கள். நீல நிறத்தில் கட்டைவிரல் தடிமனில் இருந்தது. பம்பு என்றாள் ரெஜினா.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கோயில் முடிந்த கையோடு, வெள்ளைச் சேலையில் முள் மாட்டாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் தவசி வீட்டுக்கே வந்துவிட்டாள்.

“அண்ணே, உங்க மக முழிச்சிருக்கது சாமர்த்தியம் இல்ல. மூச்சு விட முடியாமத்தான் முழிச்சிருக்கா. தூங்காம இருந்தா மனுச உடம்பு என்னத்துக்கு ஆகும்? மருந்த அடிச்சிட்டுப் படுக்கச் சொல்லுங்க. முக்கியமா புகைப் பக்கம் விடவே கூடாது.”

“எங்க பொழப்பே புகைதான நர்சம்மா” என்றான் தவசி.

“பொழப்பு உங்களுக்கு. அவளுக்கு நெஞ்சு ஒண்ணுதான இருக்கு.”

தவசிக்கு அந்தப் பேச்சு சுருக்கென்று தைத்தது. ஆனாலும் வந்த பொம்பளைக்கு மோர் கொடுத்து, வரப்பு வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தான்.

அன்று சாயங்காலம் நாகஜோதி, அதுவரை தொடாமல் வைத்திருந்த மருந்தை அடித்துவிட்டுப் பாயில் படுத்தாள். மல்லாந்து, கை காலை நீட்டிப் படுத்தாள். மறுநாள் வெயில் ஏறியும் எழுந்திருக்கவில்லை. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த சோலையம்மாள் கரண்டியைப் போட்டுவிட்டு எழுந்தாள். மகள் படுத்துக் கிடந்து அவள் பார்த்ததே இல்லை. ஓடிப்போய் மூக்குக்கு நேரே விரலை வைத்துப் பார்த்தாள். மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. விசில் இல்லை. வாயைக் கொஞ்சம் திறந்து, எச்சில் வழிய, பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தாள். சோலையம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டே சத்தமில்லாமல் அழுதாள்.

காட்டிலிருந்து வந்த தவசியை வாசலிலேயே மறித்தாள்.

“சத்தம் போடாத. புள்ள தூங்குது.”

“இன்னுமா?”

“இன்னும்தான். பதினேழு வருசத் தூக்கம்யா அது. ஒரு நாள்ல தீருமா?”

தவசி செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தான். மாட்டுக்குக் காவல் கேட்டு வந்த சௌந்தரத்தைச் சோலையம்மாள் முதல் தடவையாகத் திருப்பி அனுப்பினாள். “வேற ஆளப் பாரு மதினி. எம்மக இனிமே தூங்குவா.”

அந்த ஆவணி மாதம்தான் அந்த வீட்டுக்கு வாய்த்த நல்ல மாதம். பிள்ளையின் கண்ணுக்குக் கீழே கருப்பு மங்கியது. தோள் இறங்கியது. சோறு இரண்டாம் தடவை கேட்டாள். அதைவிட, கனவு காண ஆரம்பித்தாள். அதற்கு முன்னால் கனவென்றால் என்னவென்று மற்றவர்கள் சொல்லித்தான் கேட்டிருந்தாள்.

“அய்யா, நேத்து நம்ம வெள்ளாடு பஸ்ஸுல டிக்கெட் எடுக்குது. கண்டக்டரு சில்லறை இல்லைங்கான். ஆடு அவனப் புடிச்சு வையிது.”

“என்னன்னு வஞ்சுச்சு?”

“ஆத்தா உன்னைய வைவாள்ல, அப்படியே.”

ஊரில் பார்த்தவரையெல்லாம் நிறுத்தி வைத்துக் கனவு சொன்னாள். சனங்களும் நின்று கேட்டார்கள்.

புரட்டாசி மூட்டத்துக்கும் காவலுக்குப் போனாள். ரெஜினா சொன்னது தவசிக்கு மறக்கவில்லை. ஆனால் மூட்டம் எரிகிறபோது வேறு ஆளுக்கு எங்கே போவது? ‘மருந்துதான் இருக்கே’ என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டான். அன்று புகை கொஞ்சம் நெஞ்சை அடைக்கவும், இருட்டுகிற நேரத்திலேயே அவள் மருந்தை அடித்துக்கொண்டு மரத்தில் சாய்ந்தாள். நெஞ்சு இளகியது. இளகிய நெஞ்சோடு ஊரில் உள்ள எல்லாப் பிள்ளைகளையும் போல அவளும் தூங்கிப்போனாள்.

தவசி எழுந்தது சூடு தாங்காமல். மூட்டத்தின் தெற்குப்பக்கம் ஆள் நுழைகிற அளவு பிளந்து, உள்ளே தீ நாக்கு நாக்காக ஆடிக்கொண்டிருந்தது. தண்ணீரை ஊற்றி, மண்ணை வாரிப் போட்டு, கையெல்லாம் வெந்ததுதான் மிச்சம். பொழுது விடிந்தபோது அந்த இடத்தில் வெள்ளைச் சாம்பல் குவிந்து கிடந்தது. ஒரு மாதம் வெட்டி அடுக்கியது அவ்வளவும்.

நாகஜோதி சாம்பலுக்குப் பக்கத்தில் நின்று அழுதாள். “நான் தூங்கிட்டேன்யா. தூங்கிட்டேன்யா” என்றாள். கொலைக்குற்றம் செய்த மாதிரி கை கூப்பினாள்.

தூங்கினால் என்ன தாயி, தூங்கத்தானே ராத்திரி என்று தவசி சொல்லியிருக்கலாம்.  வெந்த கையைத் தண்ணிப்பானைக்குள் விட்டுக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான்.

பூமிநாதன் சைக்கிளில் வந்து இறங்கினார். கத்துகிற மனுசன் இல்லை. சாம்பலைக் காலால் தள்ளிப் பார்த்தார்.

“ஐப்பசி மழை எறங்கிட்டா தை வரைக்கும் தீ வைக்க முடியாது. அதுக்கு முந்தி இன்னும் ஒரு மூட்டம்தான் போட முடியும், தவசி. அதையாவது பாத்துக்க. இதுவும் இப்படின்னா அடுத்த வருசம் காட்ட வேற ஆளுக்குத்தான் விடணும். என்னையத் தப்பா நெனைக்காத.”

“நெனைக்கல அண்ணாச்சி.”

“உன் மக தூங்காதுன்னாகளே?”

தவசி வெந்த கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டான். மழைக்காலம் மூன்று மாதமும் அடுப்பு எரிய வேண்டுமென்றால் அந்த ஒரு மூட்டம் தேற வேண்டும். அது அந்த வீட்டில் மூன்று பேருக்கும் தெரியும். 

கடைசி மூட்டத்துக்கு மூன்று பேரும் சேர்ந்து வெட்டினார்கள். சோலையம்மாள் காலில் கருவைமுள் ஏறி, பாதம் வீங்கி, நடக்க முடியாமல் வீட்டோடு கிடந்தாள். தீ வைத்த முதல் ராத்திரி, மகளை வீட்டில் விட்டுவிட்டுத் தவசி தனியாகத்தான் போனான். பிள்ளையைப் புகைக்குள் விடக்கூடாது என்று அவனும் நினைத்தான், பொய் சொல்லக்கூடாது. புகையிலையை அதக்கினான். கண்ணில் வெங்காயத்தைத் தேய்த்தான். நடந்துகொண்டே இருந்தான். கடைசியில் நின்றபடியே தூங்கிச் சரிந்தான். மனசு கேட்காமல் விடியுமுன்னே நாகஜோதி தேடிக்கொண்டு வந்ததால் மூட்டம் தப்பியது. வெடிப்பை அடைத்துவிட்டு, மண்கட்டி எறிந்து அவனை எழுப்பினாள்.

மறுநாள் பொழுது மசங்குகிற நேரம். கஞ்சி குடித்து முடித்த பிறகு தவசி கலயத்தைக் கழுவிக் கவிழ்த்தான். அப்புறம் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

“தாயி, அந்தப் பம்பு வச்சிருக்கியா?”

“வச்சிருக்கேன்யா.”

“அத அடிச்சா ஒனக்குத் தூக்கம் வந்துருது, என்ன?”

“மூச்சு நல்லா வந்தா தூக்கமும் வந்துருதுய்யா. நான் என்ன செய்ய?”

“இல்ல, குத்தம் சொல்லல. மூட்டம் அடங்குறதுக்கு இன்னும் ரெண்டு ராவு. அது வரைக்கும்...”

அதற்கு மேல் அவள் சொல்ல விடவில்லை.  தாவணி முந்தியின் முடிச்சை அவிழ்த்துப் பம்பை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

“நீயே வச்சிக்கோய்யா. எங்கையில இருந்தா அடிச்சிப்பிடுவேன்.”

“முடியலைன்னா உடனே எழுப்பு. ஒரு நிமிசம் பொறுக்க வேணாம். தாரேன்.”

“நீயாக்கும் எந்திரிப்ப?”

“நாலு கட்டியாச் சேத்து எறி.”

“பெரிய கட்டியாப் பொறுக்கி வச்சிக்கிறேன்” என்று சொல்லி அவள் சிரித்தாள். தவசியும் சிரித்தான். பம்பை வேட்டி மடியில் செருகி இறுக்கிக்கொண்டான்.

அந்த ராத்திரி நல்லபடியாகவே போயிற்று. காலையில் அவளுக்கு ஒரு வார்த்தையை முழுசாகச் சொல்ல மூச்சு பத்தவில்லை. பாதி பாதியாகச் சொன்னாள். தவசி மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தான். அடித்துக்கொண்டு, பம்பைத் திரும்ப அவனிடமே கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பகலெல்லாம் தூங்கினாள். ராத்திரிக்கு வேலை, பகலுக்குத் தூக்கம், இதிலென்ன குறை என்று அவனுக்குத் தோன்றியது. மில்லுக்குப் போகிற பிள்ளைகள் இப்படித்தானே இருக்கிறார்கள் என்றும் நினைத்துக்கொண்டான்.

கடைசி நாள் பொழுது இறங்கும்போதே வானம் மூடிக்கொண்டது. இலை அசையவில்லை. மழைக்கு முந்திய புழுக்கம். மேலே போக வேண்டிய புகை போகாமல், காட்டுக்குள் தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. மேல்புறம் கீழ்புறம் என்ற பேதமில்லாமல் எங்கும் புகை.

“நீ வீட்டுக்குப் போ தாயி. இன்னிக்கு நான் பாத்துக்கிறேன்.”

“இன்னிக்கு ஒரு நாத்தானய்யா. நீ தூங்கிருவ. இம்புட்டுப் பாடுபட்டுட்டு...”

“நெஞ்சு எப்படி இருக்கு?”

“இருக்கு.”

அவன் போ என்று அதட்டவில்லை. தண்ணிப்பானைக்குப் பக்கத்தில் துண்டை விரித்தான். முழித்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் படுத்தான்.

விடிந்து, சூரியன் கருவைக்கு மேல் வந்த பிறகு கண் விழித்தான். முதலில் மூட்டத்தைப் பார்த்தான். நன்றாக உள்வாங்கி, புகை அடங்கி, ஒரு கீறல் இல்லாமல் கிடந்தது. அங்கங்கே புதிதாய் மண் அப்பிய இடத்தில் நாலு விரல் பதிந்திருந்தது. நாலைந்து இடத்தில் அடைத்திருக்கிறாள். அவனுக்கு வயிறு குளிர்ந்துபோயிற்று. பிறகு வரப்பைப் பார்த்தான். மரத்தில் சாய்ந்து, முழங்காலைக் கட்டி, அதன்மேல் நெற்றியை வைத்து உட்கார்ந்திருந்தாள். தோள் இரண்டும் தளர்ந்து இறங்கியிருந்தன. நெஞ்சின் சத்தம் கேட்கவில்லை.

அசந்துவிட்டாள் என்று நினைத்தான். மருந்தில்லாமலேயே பிள்ளை தூங்குகிறாளே என்று அவனுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. கிட்டே போனால் எழுந்துவிடுவாள் என்று சுற்றிக்கொண்டு மூட்டத்துக்கு அந்தப் பக்கம் போனான். சாக்குக் கட்டோடு பால்பாண்டி பாட்டுப் பாடிக்கொண்டு வந்தான். மூட்டை பிடிக்க வருகிறவன்.

“ஏலே, மெதுவா வா. பாட்ட நிப்பாட்டு. புள்ள இப்பத்தான் கண்ணசந்திருக்கு.”

பால்பாண்டி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். இரண்டு ஆம்பிளைகளும் குசுகுசுவென்று பேசிக்கொண்டு, மண்வெட்டியைத் தரையில் உரசாமல் வைத்து, வேலையைப் பார்த்தார்கள்.

சோலையம்மாள் வீங்கின காலைத் தாங்கித் தாங்கி, கஞ்சிக் கலயத்தோடு வந்து சேர வெகுநேரமாயிற்று.

“எழுப்பாத சோலை. தூங்கட்டும்” என்றான் தவசி.

“வெயிலு மூஞ்சில அடிக்குதுய்யா. நெழலுக்குத் தள்ளியாச்சும் படுக்க வைக்க வேணாமா?”

கலயத்தை இறக்கி வைத்துவிட்டு அவள் மகளின் தோளைத் தொட்டாள். நாகஜோதி உட்கார்ந்த வாக்கிலேயே பக்கவாட்டில் சரிந்தாள். சோலையம்மாள் மூக்குக்கு நேரே விரலை வைத்தாள். வைத்த விரலை எடுக்கவே இல்லை. அவள் போட்ட சத்தம் குளத்தாங்கரை தாண்டி ஊருக்குள் கேட்டது.

தவசி ஓடினான். மடியிலிருந்து பம்பை உருவி, மகளின் வாயைப் பிளந்து வைத்து அடித்தான். மறுபடி மறுபடி அடித்தான். மருந்து வெளியேதான் புகைந்தது. “இந்தா தாயி, இந்தா தாயி, தந்துட்டேன்ல” என்று சொல்லிக்கொண்டே இருந்தான். பால்பாண்டிதான் அவன் கையைப் பிடித்துப் பம்பை வாங்கினான்.

ஊர்ச்சனம் வந்து, பிள்ளையைத் தூக்கிப் போகக் கட்டில் கொண்டு வந்தார்கள். மேலே போர்த்தத் துணி இல்லையென்று யாரோ சொல்ல, தவசி தான் விரித்திருந்த துண்டை எடுக்கப் போனான். துண்டைத் தூக்கியதும் அதிலிருந்து மண்கட்டிகள் உதிர்ந்தன.

 துண்டுக்குப் பக்கத்தில் இன்னும் சில கிடந்தன. பெரிய கட்டிகள். துண்டுக்கு இந்தப் பக்கம், எட்டாமல் விழுந்தவை சில. நடுவழியில் இரண்டு. அதைவிடச் சின்னதாக ஒன்று, பாதி தூரம்கூட வராமல். கடைசிக் கட்டி அவள் காலடியிலேயே கிடந்தது.

தவசி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வரப்பு வரைக்கும் நடந்தான்.  சோலையம்மாள் மட்டும் எல்லாவற்றையும் பார்த்தாள். அவளுக்குப் புரிந்தது. புருசனைத் திட்ட வாயெடுத்தவள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டாள்.

அன்று மத்தியானமே மழை பிடித்தது. ஈரம் காயாத குழியில் பிள்ளையைப் படுக்க வைத்தார்கள். நீட்டி, மல்லாந்து.

மூட்டத்தைப் பால்பாண்டியே பிரித்தான். அவ்வளவு நல்ல கரி அந்தக் காட்டில் அதற்கு முன்னால் விழுந்ததில்லை என்றார்கள். ஒன்றோடு ஒன்று தட்டினால் கணீரென்றது. பூமிநாதன் தவசியின் பங்கை வீட்டுக்கே கொண்டுவந்து இறக்கிவிட்டு, வாசலில் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனார். காட்டை வேறு ஆளுக்கு விடமாட்டேன் என்று சொல்லத்தான் வந்தவர், சொல்லாமலே போய்விட்டார். ரெஜினா வந்தாள். சோலையம்மாளைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டுப் போனாள்.

மழைக்காலம் முழுக்க அடுப்பு எரிந்தது. வீட்டில் கரி இருந்தது, அரிசி இருந்தது. தவசிக்குத்தான் தூக்கம் இல்லாமல் போயிற்று. விளக்கணைத்த பிறகு, மகள் சாய்ந்திருந்த சுவரிலேயே சாய்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். கூரையிலிருந்து ஒரு துளி மண் உதிர்ந்தாலும் எழுந்து நின்றுவிடுவான்.

ஒரு நாள் மழை வெறித்த நேரத்தில் சோலையம்மாள் பொறுக்க முடியாமல் கேட்டாள். “ஏய்யா, எத்தன நாளைக்கு இப்படி முழிச்சுக்கிட்டு உக்காந்திருப்ப? செத்த படு. நீயும் போயிட்டா நான் என்ன செய்வேன்?”

தவசி கதவுப் பக்கம் காதைக் கொடுத்தபடி மெதுவாகச் சொன்னான்.

“புள்ள எழுப்புனா கேக்கணும்ல, சோலை.”